பூட்டினேனா, இல்லையா?

கேள்வி: எனக்கு 60 வயது. ஆசிரியையாக இருந்து இந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு, பூட்டினேனா என்ற சந்தேகத்தில் திரும்பி வருகிறேன். பழைய மாணவர்கள் வழியில் பார்த்து "டீச்சர்" என்று வணங்கினால் முகம் தெரிகிறது, எந்த பெஞ்சில் உட்கார்ந்தவன் என்பதுகூடத் தெரிகிறது, பெயர்தான் வருவதில்லை. ஆனால் ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்த செய்யுள் இன்றும் பிசகாமல் வருகிறது. என் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது. எனக்கும் அதன் தொடக்கமா? வல்லாரை சாப்பிட்டால் சரியாகுமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பூட்டு விஷயத்தை மறதிக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மறக்க வேண்டுமானால் முதலில் அது மனதில் பதிந்திருக்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது கை தன்பாட்டுக்கு வேலை செய்கிறது; மனம் பஸ்ஸைப் பற்றி யோசிக்கிறது. பதிவே நடக்கவில்லை. அப்படியே பதிந்தாலும், நேற்றுப் பூட்டியதும் முந்தாநாள் பூட்டியதும் இன்றையதோடு கலந்துவிடும். பூட்டும்போது "பூட்டிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

பெயர் மறப்பது வேறு வகை. பதிந்தது உள்ளேதான் இருக்கிறது, எடுக்க வரவில்லை. இங்கிலாந்தில் 1987-ல் வெளியான ஓர் ஆய்வில், முன்பின் தெரியாத முகங்களைக் காட்டி, பெயரையும் தொழிலையும் சொல்லிக் கற்பித்தார்கள். ஆங்கிலத்தில் 'பேக்கர்' என்பது ரொட்டி சுடுபவரையும் குறிக்கும், குடும்பப் பெயராகவும் வரும். அதே சொல் தொழிலாக வந்தபோது எளிதில் நினைவில் நின்றது. பெயராக வந்தபோது நழுவியது. தொழில் என்றால் அடுப்பு, மாவு, வாசனை எனப் பிடித்துக்கொள்ளப் பல பிடிகள் உண்டு. பெயருக்கு அப்படி எதுவும் இல்லை. செந்தில் என்ற பெயருக்கும் அந்தப் பையனின் முகத்துக்கும் என்ன தொடர்பு? அதிலும் நீங்கள் ஆசிரியை. உங்கள் வகுப்பில் எத்தனை செந்தில்கள் உட்கார்ந்திருப்பார்கள்! நாக்கு நுனியில் நின்று வராத பெயர்கள் வயது ஏற ஏறக் கூடும். அது மூப்பின் இயல்பு. முட்டி மோதாமல், "எந்த வருஷம்ப்பா பத்தாவது முடிச்சே?" என்று கேளுங்கள். அந்த வகுப்பறை நினைவுக்கு வந்தால் பெயரும் பல நேரம் கூடவே வரும்.

உங்களுக்கு ஆறுதல் தரும் அந்தச் செய்யுளைப் பற்றித்தான் நான் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. "அம்மாவுக்கு அம்பது வருஷத்துக் கதையெல்லாம் ஞாபகம் இருக்கே, அவங்களுக்கு எப்படி மறதி நோய் வரும்?" என்று கேட்காத குடும்பம் குறைவு. பழசு நினைவிருப்பது எதற்கும் சான்றாகாது.

1953-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு, கடுமையான வலிப்பைக் குறைப்பதற்காக, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு பெரிய பாகத்தை நீக்கினார்கள். வலிப்பு குறைந்தது. அதன்பின் நடந்தது ஏறக்குறைய எதுவுமே அவர் மனதில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறையும் புது ஆளாகவே அறிமுகமாக வேண்டியிருந்தது. ஆனால் சிறுவயது நினைவுகள் இருந்தன. கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்த நினைவே இல்லாமல்! புது நிகழ்ச்சிகளைப் பதிய அந்தப் பகுதி வேண்டும். ஊறிப்போன பழைய நினைவுகளும் கைப்பழக்கமும் அது இல்லாமலும் நிற்கும். அல்சைமர் நோய் பெரும்பாலும் அந்தப் பகுதியை ஒட்டியே தொடங்குவதால், காலையில் பேசியது போகும், கல்யாணக் கதை நிற்கும்.

ஆகவே கவனிக்க வேண்டியவை வேறு. சொன்னதையே சற்று நேரத்தில் திரும்பச் சொல்வது, கேட்டதையே திரும்பக் கேட்பது. பழகின தெருவில் வழி தடுமாறுவது. என்றும் வைக்கிற சாம்பாரில் அடுத்து என்ன செய்வது என்று திகைப்பது. பணக்கணக்கில் புதிதாகக் குழப்பம். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. உங்கள் மறதியை நீங்களே இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருப்பதும் எனக்கு நல்ல அறிகுறியாகவே படுகிறது. தாய்க்கு இருந்தால் மகளுக்கு வாய்ப்பு ஓரளவு கூடும். வந்தே தீரும் என்பதில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது மந்தம் இவற்றைக் கவனிப்பது உங்கள் கையில் இருக்கிறது.

வல்லாரைத் துவையல் ருசியானது, சாப்பிடுங்கள்; மறதி நோயைத் தடுக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அதைவிட பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். இவற்றில் குறை இருந்தால் மறதி வரலாம், பல நேரம் மருந்தில் சரியாகும். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் அப்படியே. பணி ஓய்வு பெற்ற ஆண்டில் இரண்டுமே பலரிடம் பார்க்கிறேன். தூக்க மாத்திரையும் மறதி தரலாம்; எடுப்பவரானால் மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள். அவரிடம் போகும்போது வீட்டில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். மறதி பற்றி உங்களிடம் கேட்பதைவிட கூட வந்தவரிடம்தான் மருத்துவர் அதிகம் கேட்பார்.