ஏலத்தில் வம்பு செய்யும் வாடிக்கையாளர்கள்: சமாளிப்பது எப்படி?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், இமெயில் அனுப்புகிறோம். அலமாரியில் தூங்கும் தபால் தலை ஆல்பம், நயா பைசா காசுகள், தீப்பெட்டிப் படங்கள் போன்றவற்றை உலகின் மறுகோடியில் உள்ளவருக்கு ஏலத்தில் விற்கவும் அதே கம்ப்யூட்டர் போதும். விற்பது எளிது. ஆனால் வாங்குபவர்களில் சிலர் நம் பொறுமையைச் சோதிப்பார்கள். அவர்களைக் கையாள்வது எப்படி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நான் சாஃப்ட்வேர் என்ஜினியர். ஓய்வு நேரத்தில் ஆறு ஆண்டுகளாக இபே தளத்தில் இத்தகைய பொருட்களை விற்று வருகிறேன்.

இபே: ஒரு சிறு அறிமுகம்

1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமிடியார் தொடங்கிய தளம் இது. முதலில் ஆக்ஷன்வெப் என்று பெயர். 1997-ல் இபே ஆனது. முதலில் விற்ற பொருள் பழுதான ஒரு லேசர் பாயின்டர். 14.83 டாலருக்குப் போனது. பழுதான பொருளையும் தேடி வாங்கும் ஆள் உலகில் எங்கோ இருக்கிறார் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

2004-ல் இபே நிறுவனம் பாஸி டாட் காம் என்ற இந்தியத் தளத்தை வாங்கி இங்கே கால் பதித்தது. உள்நாட்டு விற்பனைக்கான அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட் 14-ல் மூடப்பட்டது. இப்போது நாம் இங்கிருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குத்தான் இபே மூலம் விற்க முடியும். தொழிலாகச் செய்ய நினைப்பவர்கள் ஏற்றுமதிக்கான ஐஇசி எண் பெற வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுகள் கடந்த நாணயம், சிற்பம் போன்றவையும், 75 ஆண்டுகள் கடந்த மதிப்புள்ள கையெழுத்துச் சுவடிகளும் தொல்பொருட்கள். இவற்றைத் தனி நபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தாத்தாவின் பெட்டியில் கிடைத்த பழைய காசு என்று நினைத்து அனுப்பினால் வாங்குபவரிடம் அல்ல, சுங்கத் துறையிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1957-ல் வந்த நயா பைசா காசுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

வம்பைத் தடுக்கும் மூன்று வேலைகள்

பெரும்பாலான சண்டைகள் பொருளைப் பட்டியலிடும்போதே தொடங்கிவிடுகின்றன. எனவே முதலில் இவற்றைச் செய்யுங்கள்.

1. ஸ்கேன் செய்யுங்கள். தபால் தலை, தீப்பெட்டிப் படம், முதல் நாள் உறை போன்றவற்றை 600 டிபிஐ அளவில் முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் செய்து வையுங்கள். தபால் தலையின் ஓரப் பற்கள் தெளிவாகத் தெரிய வேண்டும். பின்பக்கம் பசை இருக்கிறதா, ஆல்பத்தில் ஒட்டிய தடம் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும்.

2. குறையை முதலில் எழுதுங்கள். "நல்ல நிலை" என்ற சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம் உண்டு. "இடது மேல் மூலையில் 2 மில்லிமீட்டர் மடிப்பு, பின்பக்கம் லேசான பழுப்புக் கறை" என்று எழுதினால் ஒரே அர்த்தம்தான்.

3. ஒவ்வொரு விற்பனைக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள். ஃபோல்டரின் பெயர் ஆர்டர் எண்ணாக இருக்கட்டும். ஸ்கேன் படங்கள், பேக் செய்யும்போது எடுத்த போட்டோ, தபால் ரசீதின் ஸ்கேன் எல்லாம் அதில் போய்ச் சேர வேண்டும். பின்னால் தகராறு வந்தால் இந்த ஃபோல்டர்தான் உங்கள் வக்கீல்.

இனி, எத்தனை வகை ஆட்கள் வருவார்கள் என்று பார்ப்போம்.

வகை 1: ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாதவர்

இபேயில் ஒருவர் தன் உச்ச விலையை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். தேவைக்கேற்ப அவருக்காகத் தளமே விலையைக் கூட்டும். ஒருவர் உச்ச விலை 30 டாலர், அடுத்தவர் 22 டாலர் என்றால், முதல்வருக்குப் பொருள் 22.50 டாலருக்கே கிடைக்கும். இந்த ஆட்டத்தின் வேகத்தில் கேட்டுவிட்டு, மறுநாள் மனம் மாறுபவர்கள் உண்டு.

வாங்குபவருக்குப் பணம் கட்ட 4 நாள் அவகாசம். இரண்டாம் நாளில் மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். 4 நாள் முடிந்தும் வரவில்லை என்றால், "பணம் கட்டவில்லை" என்ற காரணத்தைத் தேர்வு செய்து ஆர்டரை ரத்து செய்யுங்கள். காரணத்தை மாற்றிப் போடாதீர்கள். சரியான காரணம் போட்டால்தான் தளத்தின் கமிஷன் திரும்பக் கிடைக்கும். அவர் கணக்கிலும் அது பதிவாகும். பிறகு, இரண்டாவதாகக் கேட்டவருக்கு "செகண்ட் சான்ஸ் ஆஃபர்" அனுப்பலாம். இதற்கு 60 நாள் வரை நேரம் உண்டு.

வகை 2: "எனக்கு வந்து சேரவில்லை" என்பவர்

இங்கே பேச்சுக்கு மதிப்பில்லை, டிராக்கிங் எண்ணுக்குத்தான் மதிப்பு. ஆர்டரில் உள்ள முகவரியில் பொருள் கொடுக்கப்பட்டதாக டிராக்கிங் காட்டினால் தளம் உங்கள் பக்கம் நிற்கும். 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள பொருளுக்கு, பெற்றவரின் கையெழுத்துப் பதிவும் வேண்டும். சாதாரணத் தபாலில் அனுப்பினால் உங்களிடம் காட்ட எதுவும் இருக்காது. இந்திய அஞ்சல் துறையின் சர்வதேச ஸ்பீடு போஸ்ட் அல்லது டிராக்கிங் உள்ள பாக்கெட் சேவையைப் பயன்படுத்துங்கள்.

சிலர் சுங்க வரி கேட்டதும் பார்சலை வாங்க மறுப்பார்கள். அமெரிக்காவில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டது. வரி யார் பொறுப்பு என்பதைப் பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். அனுப்பும் முன் அந்த நாட்டுக்கான விதியைத் தபால் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வகை 3: "படத்தில் இருந்தது போல் இல்லை" என்பவர்

இவர்தான் மிகவும் கடினமானவர். பொருள் கிடைத்து 30 நாட்களுக்குள் அவர் புகார் செய்யலாம். "திருப்பி எடுப்பதில்லை" என்று நீங்கள் எழுதியிருந்தாலும் இந்தப் புகாருக்கு அது செல்லாது. திருப்பி அனுப்பும் தபால் செலவும் விற்றவர் தலையில்தான் விழும். 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். தவறினால் அவர் தளத்தைத் தலையிடச் சொல்லலாம்.

இங்கே முதல் வேலை, இவர் ஏமாற்றுக்காரரா அல்லது உண்மையிலேயே சந்தேகப்படுபவரா என்று கண்டுபிடிப்பது. 1948-ல் வெளிவந்த காந்தி 10 ரூபாய் தபால் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் போலிகள் நிறைய உண்டு. அதை வாங்கியவர் பயப்படுவதில் தவறே இல்லை.

எனக்கு வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். என் தாத்தா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவர். 1960-களில் அச்சாகி வந்த தீப்பெட்டிப் படங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஆல்பம் போட்டிருந்தார். மொத்தம் 212 படங்கள். அவர் காலமான பிறகு, ஆச்சியின் கண் ஆபரேஷன் செலவுக்காக அந்த ஆல்பத்தை விற்க முடிவு செய்தோம். ஐரோப்பாவிலிருந்து ஒருவர் 140 டாலருக்கு எடுத்தார்.

பொருள் சேர்ந்த நான்காம் நாள் அவரிடமிருந்து செய்தி வந்தது. "இவை பழையவை அல்ல, புதிதாக அச்சடித்தவை. பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இல்லாவிட்டால் மோசமான ஃபீட்பேக் எழுதுவேன்." ஆச்சியிடம் சொன்னேன். "கேட்டதக் குடுத்துத் தொலச்சிரு ஐயா, எதுக்கு வம்பு" என்றார்கள். 70 டாலர் போனால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதைவிட, தாத்தா சேர்த்ததைப் போலி என்று ஒருவர் சொன்னதுதான் எனக்கு வலித்தது. ஆனால் பதிலில் அந்த வலியைக் காட்டவில்லை. மூன்றே விஷயம் எழுதினேன்.

ஒன்று: 212 படங்களுக்கும் எண் போட்டு ஸ்கேன் செய்து பட்டியலில் கொடுத்திருக்கிறேன். எந்த எண் படங்களில் சந்தேகம்?

இரண்டு: "தொழிற்சாலையிலிருந்து நேரடியாக எடுத்தவை, பெட்டியில் ஒட்டப்படாதவை" என்று பட்டியலில் எழுதியிருக்கிறேன். பசையும் கிழிசலும் இல்லாமல் புதிது போல இருப்பதற்கு அதுதான் காரணம். இதோ, பழுத்துப்போன பின்பக்கத்தின் ஸ்கேன்.

மூன்று: திருப்தி இல்லையென்றால் 212 படங்களையும் திருப்பி அனுப்பலாம். என் செலவு. முழுப் பணமும் தருகிறேன். பாதிப் பணம் தர இயலாது.

மூன்றாவதைக் கவனியுங்கள். சந்தேகப்படுபவருக்குப் பொருள் வேண்டாம், பணம்தான் வேண்டும். முழுப் பணமும் கிடைக்கும் என்றால் திருப்பி அனுப்புவார். ஏமாற்ற நினைப்பவருக்குப் பொருளும் வேண்டும், பணமும் வேண்டும். திருப்பி அனுப்பு என்றால் பின்வாங்குவார். இரண்டு நாள் கழித்து அவர் புகாரை விலக்கிக்கொண்டார். ஆல்பத்தையும் வைத்துக்கொண்டார். ஆச்சிக்கு அந்த மாதமே ஆபரேஷன் நடந்தது.

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். பொருள் 12 டாலர், திருப்பி அனுப்ப 18 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே நியாயம் பேசினால் நஷ்டம்தான் கூடும். பணத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பொருள் திரும்பி வந்தால் கவரைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். உங்கள் பழைய ஸ்கேனோடு ஒப்பிடுங்கள். நல்ல தபால் தலையை எடுத்துக்கொண்டு மட்டமானதைத் திருப்பி அனுப்புபவர்களும் உண்டு. ஓரப் பற்களும் தபால் முத்திரை விழுந்த இடமும் கைரேகை மாதிரி, பொய் சொல்லாது. வேறு பொருள் வந்திருந்தால் பணம் கொடுக்கும் முன் அந்தப் படங்களோடு தளத்திடம் முறையிடுங்கள்.

வகை 4: ஃபீட்பேக் சொல்லி மிரட்டுபவர்

2008 முதல் இபேயில் விற்பவர்கள் வாங்குபவருக்கு மோசமான ஃபீட்பேக் கொடுக்க முடியாது. இந்தத் தைரியத்தில்தான் சிலர் மிரட்டுகிறார்கள். ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்றை ஃபீட்பேக்கைக் காட்டிக் கேட்பது தளத்தின் விதிக்கு விரோதம். மிரட்டல் தளத்தின் மெசேஜ் பகுதியில் எழுத்தில் இருந்தால் "ரிப்போர்ட் பையர்" மூலம் புகார் செய்யலாம். போனில், வாட்ஸ்அப்பில் பேசினால் தளத்துக்கு எதுவும் தெரியாது. எனவே பேச்சு எல்லாம் தளத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

வகை 5: "தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்வோம்" என்பவர்

கமிஷன் மிச்சம் என்று ஆசை காட்டுவார். அல்லது வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்வார். "பணம் வந்துவிட்டது" என்று போலி இமெயிலும் வரும். இமெயிலில் உள்ள லிங்கைக் கிளிக் செய்யாதீர்கள். பிரவுசரில் தள முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போய், ஆர்டர் பகுதியில் பணம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தளத்துக்கு வெளியே விற்றாலோ, வேறு முகவரிக்கு அனுப்பினாலோ உங்களுக்கான பாதுகாப்பு போய்விடும். முகவரி மாற்றம் கேட்டால் ஆர்டரை ரத்து செய்து, சரியான முகவரியோடு மீண்டும் வாங்கச் சொல்லுங்கள்.

திரும்ப வராமல் தடுக்க

ஒருமுறை தொல்லை கொடுத்தவரின் யூசர் ஐடியை "பிளாக்டு பையர் லிஸ்ட்" பகுதியில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பெயரில் அவர் உங்கள் பொருளைக் கேட்க முடியாது. விற்பனை செட்டிங் பகுதியில், முன்பே பணம் கட்டாமல் ஆர்டர் ரத்தானவர்களையும், நீங்கள் அனுப்பாத நாடுகளில் இருப்பவர்களையும் தடுக்கும் வசதி உண்டு. அதை இன்றே டிக் செய்யுங்கள்.

நினைவில் வைக்க

- கோபத்தில் டைப் செய்ததை உடனே அனுப்பாதீர்கள். நோட்பேடில் எழுதி, ஒரு மணி நேரம் கழித்துப் படித்துவிட்டு அனுப்புங்கள்.
- பதில் குறுகியதாக இருக்கட்டும். எண், தேதி, படம் மட்டும் போதும்.
- நிறையக் கேள்வி கேட்பவர் எல்லாம் வம்புக்காரர் அல்ல. வாங்கும் முன் பத்துக் கேள்வி கேட்பவர் வாங்கிய பின் தகராறு செய்வது குறைவு என்பது என் அனுபவம்.
- முதல் சில மாதங்களுக்கு விலை குறைந்த பொருட்களை மட்டும் விற்றுப் பழகுங்கள். குடும்பச் சொத்து போன்ற பொருளை, பழகிய பிறகு ஏலத்துக்குக் கொண்டுவாருங்கள்.