மகளைப் பார்க்க யாரிடம் கேட்பது?

கேள்வி: கணவர் இறந்த பிறகு காசநோயில் படுத்துவிட்டேன். என் எட்டு வயது மகளைக் குழந்தைகள் நலக் குழு வேறொரு குடும்பத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் விட்டது. இப்போது உடம்பு தேறி மில் வேலைக்குப் போகிறேன். பார்க்கப் போனால், ‘பிள்ளை மனசு கலங்கிடும், வராதீங்க’ என்கிறார்கள். கோர்ட்டில் கேஸ் போடலாமா?
— வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் குழந்தைகள் நலக் குழுவிடம் போங்கள். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. உங்களைத் தடுக்க வளர்ப்பவர்களுக்கு எந்த அதிகாரமும் இல்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 44-இன்படி பெற்றோர் அவ்வப்போது போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். வேண்டாம் என்று குழு கருதினால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அப்படி ஓர் உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெள்ளைத்தாளில் மனு எழுதினால் போதும். பார்க்க நாளும் நேரமும் குறித்துத் தரும்படியும், மகளை உங்களிடமே திருப்பி ஒப்படைக்கும்படியும் கேளுங்கள். சிகிச்சை முடிந்த சான்று, சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு நகல்களை இணையுங்கள். நீங்கள் ஷிஃப்டுக்குப் போகும்போது பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார் என்று குழு நிச்சயம் கேட்கும். அதையும் மனுவிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்க மறக்காதீர்கள்.

அந்த வீட்டைக் குழு மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும் என்பதும் சட்டம். அந்த ஆய்வில் மகளிடம் தனியாகப் பேசும்படி மனுவில் வற்புறுத்துங்கள். சோறு போடுகிறவர்கள் பக்கத்தில் நிற்கும்போது ‘அம்மாகிட்ட போகணும்’ என்று எந்தக் குழந்தை வாய் திறக்கும்?

உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இங்கே வக்கீல்களே தடுமாறுவதுண்டு. குழுவின் மற்ற உத்தரவுகளுக்குக் குழந்தைகள் நீதிமன்றம். வளர்ப்புப் பராமரிப்பு உத்தரவுக்கு மாவட்ட ஆட்சியர். தவறான இடத்தில் மனு போட்டால் அந்த 30 நாளும் கரைந்துவிடும். அதற்கும் மேலே, பிரிவு 102-இன் கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீராய்வு கோரலாம். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உங்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார்.

பிள்ளையை ஒப்புக்கொடுப்பதாக எழுதிய பத்திரத்தை யார் நீட்டினாலும், வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது தத்துக்கொடுப்பதற்கு வழி திறந்துவிடும். ஏற்கெனவே போட்டிருந்தால் தேதியைப் பாருங்கள். முடிவை மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் அவகாசம் உண்டு.