பழைய வீடுகளில் மின்கசிவு

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டப்பெற்ற பல வீடுகளில், மரச்சட்டத்தின்மீது ரப்பர் உறையிட்ட மின்கம்பிகள் பொருத்தப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் உலர்ந்து வெடிக்கிறது, மின்சாரம் கசிகிறது. பியூஸ் இருக்கிறதே என்று இவ்வீடுகளில் வாழ்வோர் அமைதியுறுதல் தவறு. பியூஸ் கம்பியைக் காக்குமேயன்றி மனிதனைக் காவாது. 5 ஆம்பியர் பியூஸ் உருகுவதற்கு அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் வேண்டும். உடலின் வழியே அதில் நூற்றிலொரு பங்காகிய 50 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிர் போகக்கூடும். (உருகிய பியூஸுக்குத் தடித்த செப்புக் கம்பியைச் செருகும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.) ஆகவே எர்த் எனப்படும் நில இணைப்பை முதலில் செம்மையாக அமைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் கருவியைப் பொருத்துதல் வேண்டும். செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டதும் அது இயங்குகிறது. பழங்கம்பிகளுள்ள வீட்டில் அடிக்கடி மின்சாரம் நின்றுபோகுமாயின், தொல்லையென்று கருவியைக் கழற்றிவிடலாகாது. கசியும் இடத்தை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு கண்டறிந்து, அக்கம்பியை மாற்றுதல் வேண்டும்.