முள் நடுவில்தான் நிற்கிறது, உயரம் சரியா?

கேள்வி: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐ.எல்.எஸ். அப்ரோச்சில் லோக்கலைசர், கிளைடு ஸ்லோப் இரண்டு முள்ளும் நடுவில் நின்றாலும், "தூரம் எவ்வளவு, உயரம் எவ்வளவு?" என்று பயிற்றுநர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கருவி கெட்டுப்போனால் எச்சரிக்கைக் கொடி வந்துவிடுமே? ஜி.பி.எஸ்.ஸும் கையில் இருக்கும்போது இந்தக் கணக்கு எதற்கு?

பதில்: கேட்கட்டும், நல்லதுதான். கொடி வராமலே முள் பொய் சொல்லும்.

கிளைடு ஸ்லோப் முள் உங்கள் உயரத்தைக் காட்டுவதில்லை. தரையிலிருந்து வரும் அலையில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகள் இருக்கும். பாதைக்கு மேலே போனால் 90 ஓங்கும். கீழே போனால் 150. இரண்டும் சமமானால் முள் நடுவுக்கு வரும். கொடி பார்ப்பது வேறு. தொனிகள் போதிய வலுவோடு வருகின்றனவா என்பது மட்டும்தான் அதன் கவலை. ஆக, எங்கே பறந்தாலும் இரண்டும் சமமாகவே வந்துகொண்டிருந்தால் முள்ளும் அசையாது, கொடியும் வராது.

2000 ஜூலை 29 இரவு, சமோவாவின் ஃபலியோலோ விமான நிலையத்தில் அதுதான் நடந்தது. மண் தோண்டும் வேலையில் கேபிள் சேதமாகி, ஐ.எல்.எஸ். எந்த நிலையில் இருக்கிறது என்பதே டவருக்குத் தெரியாமல் போயிருந்தது. கிளைடு ஸ்லோப் டிரான்ஸ்மிட்டரையோ பைபாஸில் விட்டிருந்தார்கள். கோளாறு வந்தால் தானாக அணைந்துகொள்ள வேண்டிய அது, அணையாமல் அலையை அனுப்பிக்கொண்டே இருந்தது. ஏர் நியூசிலாந்தின் போயிங் 767 வந்தபோது மோர்ஸ் அடையாளம் ஒழுங்காகக் கேட்டது. முள் நடுவில். கொடி இல்லை. ஆட்டோ பைலட் அந்த முள்ளைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. தூரத்துக்கு ஏற்ற உயரம் இல்லை, விளக்குகள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று விமானிகளுக்கு உறைத்து கோ-அரவுண்ட் போனபோது, விமானம் 400 அடிக்கும் கீழே இருந்தது. ஓடுபாதையோ இன்னும் ஏறக்குறைய 6 மைல் தள்ளி. 3 டிகிரிப் பாதையில் அந்த இடத்தில் 1,900 அடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும். அவர்களைக் காப்பாற்றியது நீங்கள் சலித்துக்கொள்ளும் அதே கணக்குதான், கொஞ்சம் தாமதமாக.

எனவே 3 டிகிரிக்கு மைலுக்குச் சுமார் 320 அடி என்பது நாக்கு நுனியில் இருக்கட்டும். சார்ட்டில் தூர-உயர அட்டவணை இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது இரண்டு இடங்களில் பாருங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் பார்த்துத் திருப்தியடைந்தால் ஏமாறலாம். தப்பான பாதையும் சரியான பாதையை எங்கோ ஓரிடத்தில் வெட்டத்தானே செய்யும்?

தூரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பதையும் சார்ட்டில் விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள். குவாமில் 1997 ஆகஸ்ட் 6 அன்று கிளைடு ஸ்லோப் வேலை செய்யாத நிலையில் இறங்கிய கொரியன் ஏர் 801 நிமிட்ஸ் குன்றில் மோதி 228 பேர் இறந்தார்கள். அங்கே டி.எம்.இ. ஓடுபாதையில் இல்லை, 3.3 மைல் முன்னால், அந்தக் குன்றின் மீதிருந்த வி.ஓ.ஆர். நிலையத்தில் இருந்தது. சுழியம் என்று காட்டும் இடம் ஓடுபாதை என்று எண்ணிக்கொண்டால் எல்லாக் கணக்கும் தப்பு.

இனி, ஜி.பி.எஸ். பற்றி. இங்கேதான் உங்கள் பயிற்றுநரின் கேள்வியும் கைவிடும். ஆர்.என்.பி. அப்ரோச்சில் எல்நாவ்/விநாவ் மினிமாவுக்கு இறங்கும்போது, பொதுவாக இடவலம் மட்டுமே ஜி.பி.எஸ்.ஸிடமிருந்து. மேல்கீழ் பாதையைக் கம்ப்யூட்டர் உங்கள் ஆல்டிமீட்டரை வைத்துத்தான் வரைகிறது. அந்தப் பாதையை ஆல்டிமீட்டரை வைத்தே சரிபார்ப்பது, ஒரே ஆளிடம் கதை கேட்டு வந்த இரண்டு சாட்சிகளை விசாரிப்பது மாதிரி. இருவரும் அச்சு அசலாக ஒன்றையே சொல்வார்கள்.

2022 மே 23, பாரிஸ் சார்ல் தெ கோல். ஆல்டிமீட்டரில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண்ணான கியூ.என்.எச். 1001 என்பதற்குப் பதிலாக 1011 என்று கன்ட்ரோலர் சொல்லிவிட்டார். ஏ320 விமானிகளும் அதையே திருப்பிச் சொல்லி வைத்துக்கொண்டார்கள். 10 ஹெக்டோபாஸ்கல் என்றால் சுமார் 280 அடி. திரையில் எல்லாம் நேர்த்தி: முள் நடுவில், தூரத்துக்கு ஏற்ற உயரம். வெளியே மழை, ஓடுபாதை தெரியவில்லை. தரை எச்சரிக்கைக் கருவியும் கத்தவில்லை. ஓடுபாதைக்கு 0.8 மைல் முன்னால் ரேடியோ ஆல்டிமீட்டரில் பதிவான மிகக் குறைந்த உயரம் 6 அடி. கோ-அரவுண்டை ஏற்கெனவே ஆரம்பித்திருந்ததால் தப்பினார்கள். அடுத்த சுற்றிலும் அதே 1011தான். ஓடுபாதை கண்ணில் பட்டதால் திருத்திக்கொண்டு இறங்கினார்கள்.

அதே தப்பான கியூ.என்.எச்.ஸோடு ஐ.எல்.எஸ்.ஸில் வந்திருந்தால், கிளைடு ஸ்லோப் விமானத்தை ஓடுபாதைக்கே கொண்டுபோயிருக்கும். உயரம் மட்டும் அட்டவணையோடு 280 அடி இடித்து, தப்பைக் காட்டிக்கொடுத்திருக்கும். விநாவில் அந்த இடிப்பு வரவே வராது. ஆகவே அங்கே கியூ.என்.எச்.ஸை ஒருவர் வாயிலிருந்து மட்டும் வாங்காதீர்கள். ஏடிஸில் வந்த எண்ணை எழுதி வைத்திருங்கள். டவர் சொல்வது அதிலிருந்து 2, 3 விலகினாலே திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் மானக்கேடு ஒன்றுமில்லை. கடைசி 1,000 அடியில் ரேடியோ ஆல்டிமீட்டரும் ஆல்டிமீட்டரும் தரை மட்டத்துக்கு ஏற்பப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ரேடியோ ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தைக் கேட்காத சாட்சி. ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழியாக எல்பிவி மினிமாவுக்குப் பறக்கும் தகுதி உங்கள் விமானத்துக்கு இருந்தால் இன்னும் நல்லது. அதில் பாதையே செயற்கைக்கோள் கணக்கு, கியூ.என்.எச். அதை வளைக்காது. ஆனால் எந்த உயரத்தில் முடிவெடுப்பது என்பது அப்போதும் ஆல்டிமீட்டரில்தான்.

வெயிலும் விநாவை ஏய்க்கும். குளிரில் பாதை தாழ்ந்து ஆபத்தாகும் என்று எல்லாப் பாடத்திலும் இருக்கிறது. நம் ஊர் 40 டிகிரியில் நேர் எதிர்: 10 டிகிரிக்கு 4 சதவீதம் என்று கணக்கிட்டால், 3 டிகிரிப் பாதை ஏறக்குறைய 3.3 ஆகச் செங்குத்தாகிவிடும். வேகம் குறையாமல் திணறுவீர்கள். ஃபிளாப்பை முன்கூட்டியே இறக்குங்கள்.

கடைசியாக, நல்ல வானிலையில் ஆட்டோலேண்ட் பழகிப் பார்க்கும் ஆசை உங்களுக்கும் ஒருநாள் வரும். வானம் தெளிவாக இருக்கும்போது ஐ.எல்.எஸ். ஆன்டெனாவின் சுற்றுப்புறத்தை யாரும் காலியாக வைப்பதில்லை. 2011 நவம்பர் 3 அன்று மியூனிக்கில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 777, அந்தப் பகுதி காலியாக வைக்கப்படாத நிலையில்தான் தானியங்கியில் இறங்கியது. முன்னால் கிளம்பிப்போன விமானம் லோக்கலைசர் அலையைக் கலைத்ததில், தரைதொட்ட பிறகு ஓடுபாதையை விட்டு இடப்பக்கப் புல்லில் ஓடி, திரும்ப ஓடுபாதையைக் கடந்து வலப்பக்கம் போய் நின்றது. செய்வதென்றால் டவரிடம் முன்பே சொல்லுங்கள். ஆன்டெனாப் பகுதியைக் காலியாக வைக்க முடியாது என்று பதில் வந்தால், ஆட்டோ பைலட்டை எடுத்துவிட்டுக் கையால் இறக்குங்கள்.