இரு பருவங்களில் செர்மாட்

சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில், இத்தாலிய எல்லைக்கு அருகே, ஒரு பள்ளத்தாக்கின் முடிவில் செர்மாட் என்னும் சிற்றூர் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்த இவ்வூரில் ஏறக்குறைய 6,000 பேர் வாழ்கின்றனர். ஊருக்கு மேலே மாட்டர்ஹோர்ன் சிகரம் கூம்பு போல் நிமிர்ந்து நிற்கிறது. அதன் உயரம் 4,478 மீட்டர். மலேசியாவின் கினபாலு மலையைவிட ஏறத்தாழ 400 மீட்டர் அதிகம்.

பெட்ரோலில் ஓடும் கார்களுக்குச் செர்மாட்டில் இடமில்லை. பயணிகள் ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள டேஷ் என்னும் ஊரில் காரை நிறுத்திவிட்டு இரயிலில் வந்து சேர்கின்றனர். ஊருக்குள் பெட்டி போன்ற சிறிய மின்வண்டிகள் ஓசையின்றி ஓடுகின்றன.

குளிர்காலத்தில் கூரை, வேலி, மரம் யாவும் பனியில் புதைந்துவிடும். காலையிலேயே தெரு விழித்துக்கொள்ளும். தோளில் பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுமந்தபடி, கனத்த காலணிகள் தடதடக்க, மக்கள் கேபிள் கார் நிலையத்தை நோக்கி நடப்பார்கள். 3,883 மீட்டர் உயரம் வரை கேபிள் கார் செல்கிறது. பனி பொழிந்தால்தான் விடுதிகள் நிறையும். கடைகளில் வியாபாரம் நடக்கும். ஆனால், பனி அளவு மீறினால் ஊரே சிறையாகிவிடும். 2018ஆம் ஆண்டு ஜனவரியில் கடும் பனிப்பொழிவால் சாலையும் இரயில் பாதையும் மூடப்பட்டன. ஏறத்தாழ 13,000 சுற்றுப்பயணிகள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டனர். சிலர் ஹெலிகாப்டரில் வெளியேறினர்.

கோடையில் அதே சரிவுகளில் புல்லும் காட்டுப் பூக்களும் தலைகாட்டும். முன்பாதி கறுப்பும் பின்பாதி வெள்ளையுமான ஆடுகள் மணி ஒலிக்கத் தெரு வழியே மேய்ச்சலுக்குச் செல்லும். உண்மையில், செர்மாட்டுக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தது கோடைதான். 1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் எட்வர்டு விம்பர் உட்பட எழுவர் மாட்டர்ஹோர்ன் உச்சியை முதன்முதலில் அடைந்தனர். இறங்கும்போது கயிறு அறுந்து நால்வர் உயிரிழந்தனர். அறுந்த கயிற்றை இன்றும் செர்மாட் அருங்காட்சியகத்தில் காணலாம். பனிச்சறுக்கு ஆட்டக்காரர்கள் கூட்டமாக வரத் தொடங்கியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

இன்று மலையேறிகளுக்கு வேறோர் அபாயமும் உண்டு. உயர்ந்த சிகரங்களில், பிளவுபட்ட பாறைகளைப் பசைபோல் பிடித்து வைத்திருப்பது அவற்றின் இடுக்குகளில் உறைந்துள்ள பனிக்கட்டியே. வெப்பம் கூடும்போது அது உருகிப் பாறைகள் கழன்று விழுகின்றன. 2003ஆம் ஆண்டின் கடும் கோடையில் மாட்டர்ஹோர்னில் பாறைகள் சரிந்தன. அங்கே சிக்கியவர்களை ஹெலிகாப்டர்கள் மீட்டன.

ஊருக்கு மேலுள்ள பனியாறுகளும் சுருங்கி வருகின்றன. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் தம் கன அளவில் ஏறத்தாழ 10 விழுக்காட்டை இழந்தன. ஆண்டு முழுவதும் பனிச்சறுக்கு நடைபெறும் இடம் என்று பெயர்பெற்ற செர்மாட், 2022ஆம் ஆண்டு ஜூலை இறுதியில் கோடைக்காலச் சறுக்கைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று.