மறையாமல் மயக்கிய கப்பல்கள்

1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னைத் துறைமுகத்தை அணுகி, அங்கிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுகளால் தாக்கி எரித்தது. சூழ்ச்சித் திறன் மிக்கவனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கு அன்று தோன்றியதேயாகும். மூன்று புகைபோக்கிகளே கொண்டிருந்த அக்கப்பல், இந்துமகா சமுத்திரத்தில் பொய்யான நான்காம் புகைபோக்கி ஒன்றை நிறுத்திப் பிரிட்டிஷ் கப்பல்போலத் தோன்றியதும் உண்டு. பகைவரின் கண்ணை ஏமாற்றும் இக்கலையை, 1917-இல் கடற்காட்சி ஓவியர் ஒருவர் முறையான ஆராய்ச்சியாக வளர்த்தார். அவரே இங்கிலாந்தைச் சேர்ந்த நார்மன் வில்கின்ஸன் (1878-1971).

கணக்கும் அதன் பிழையும்

1917 பிப்ரவரியில் ஜெர்மனி, எச்சரிக்கையின்றிச் சரக்குக் கப்பல்களையும் மூழ்கடிக்கும் நீர்மூழ்கிப் போரைத் தொடங்கிற்று. நீர்மூழ்கியின் ஆயுதம் டார்பிடோ. அது பீரங்கிக் குண்டைப்போல விரைந்து செல்வதன்று. மணிக்கு 36 கடல்மைல் வேகமுள்ள டார்பிடோ 1,000 மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 54 விநாடிகள் ஆகும். அதற்குள், மணிக்கு 12 கடல்மைல் வேகத்தில் செல்லும் கப்பல் ஏறக்குறைய 330 மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே கப்பல் இருக்கும் இடத்தை அன்றி, அது வந்து சேரவிருக்கும் இடத்தையே குறிவைத்தல் வேண்டும். அதற்குக் கப்பலின் தூரம், வேகம், செல்லும் திசை ஆகிய மூன்றையும், பெரிஸ்கோப்பைச் சில விநாடிகள் மட்டுமே நீருக்கு மேல் உயர்த்தி மதிப்பிட வேண்டியிருந்தது. திசையைத் தவறாக மதிப்பிட்டால் குறியும் தவறும்.

ஓவியரின் கருத்து

சேஷாசலம் மலைக்காட்டில் வாழும் சிறுத்தையின் புள்ளிகள், இலை நிழலில் அதனை மறைக்கின்றன. கப்பலுக்கு அத்தகைய நிலையான பின்னணி இல்லை. வானத்தின் ஒளி நாழிகைக்கு நாழிகை மாறும்; தாழ்விலிருந்து நோக்கும் பெரிஸ்கோப்பிற்கு, கப்பல் வானத்தின் முன் நிழலுருவாகவே தெரியும். கடலைத் தீட்டிப் பழகிய வில்கின்ஸன் இதனை நன்கறிந்தவர். மறைக்க இயலாத கப்பலை மறைக்க முயல்வது வீண். அது செல்லும் திசையை மயங்கச் செய்வதே தக்கது என்று அவர் கருதினார்.

கறுப்பு, வெள்ளை, நீலம், பச்சை முதலிய வண்ணங்களில் சாய்ந்த பட்டைகள் கப்பலின் பக்கங்களில் தீட்டப்பட்டன. அணியம் எங்கே முடிகிறது, கப்பல் எப்புறம் திரும்பியுள்ளது என்பவை இதனால் குழப்பமடையும். 'டாஸில்' எனப் பெயர் பெற்ற இம்முறைக்கு லண்டன் ராயல் அகாடமியில் தனிப் பிரிவு அமைக்கப்பட்டது. ஓவியர்கள் சிறு மர மாதிரிகளுக்கு வண்ணம் தீட்டி, சுழலும் மேசையில் வைத்துப் பெரிஸ்கோப் வழியாகச் சோதித்தனர். தேறிய வடிவங்களே துறைமுகங்களுக்கு அனுப்பப்பட்டன. 2,000-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் கப்பல்கள் இவ்வாறு வண்ணம் பெற்றன.

பயன் விளைந்ததா?

1918-இல் ஆராய்ந்த கடற்படைக் குழு, தெளிவான பயனை எண்களால் நிறுவ இயலவில்லை என்றே கண்டது. ஆயினும் மாலுமிகளின் மனவுறுதி ஓங்கியதால் முறை தொடர்ந்தது. 1917-இன் இடையிலிருந்து கப்பல்கள் காவலுடன் கூட்டமாகவும் செல்லத் தொடங்கியிருந்தன. உயிர் தப்பியது வண்ணத்தாலா, காவலாலா என்று பிரித்தறிவது எளிதன்று. 1919-இல் அமெரிக்க மாணவர் ஒருவர் மாதிரிக் கப்பல்களைக் கொண்டு செய்த சோதனையை, பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தினர் மீண்டும் ஆய்ந்து 2025-இல் முடிவை வெளியிட்டனர். வண்ணப்பட்டைகளால் சிறிது மயக்கம் உண்டாயிற்று. எனினும், கப்பல் தொடுவானத்தை ஒட்டியே செல்வதாகக் கண் இயல்பாகக் கொள்ளும் மயக்கம் அதனினும் பெரிது என்பது அவர்கள் கண்ட உண்மை.

வகுப்பறைச் சோதனை

விஜயபுரம் போன்ற கடலுக்கு அப்பாலுள்ள ஊர்களிலும் ஆசிரியர்கள் இச்சோதனையைச் செய்யலாம். களிமண்ணால் ஒரே அளவுள்ள இரு கப்பல்கள் செய்து உலர்த்துக. ஒன்றிற்குச் சாம்பல் நிறமும், மற்றதற்குச் சாய்ந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகளும் தீட்டுக. பாகைகள் குறித்த தாள்மீது ஒன்றை வைத்து, அட்டையால் மறைத்துத் திருப்புக. ஐந்து மீட்டர் தொலைவில், மேசை மட்டத்தில் கண்ணை வைத்த மாணவனுக்கு மூன்று விநாடி மட்டும் காட்டுக. அவன் தன் பென்சிலை அதே திசையில் வைக்கட்டும். உண்மைக் கோணத்திற்கும் அவன் காட்டியதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்க. ஒவ்வொரு கப்பலுக்கும் பத்து முறை செய்து சராசரி காண்க.

இரு சராசரிகளும் ஒன்றாகவே அமையின், எண்களைத் திருத்த வேண்டா, அவ்வாறே எழுதுக. நல்ல கருத்தாயினும், அளந்து பார்த்த பின்னரே அது விஞ்ஞானமாகும் என்பதை மாணவர் உணர இதுவே நல்வாய்ப்பு.