ஆமையைப் படம் எடுத்தீர்களா? இடத்தை அழித்துவிட்டு அனுப்புங்கள்!

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றிருந்தபோது, மழை விட்ட ஒரு காலை நேரத்தில், கோவிலுக்குப் பின்னால் உள்ள புதர்க்காட்டில் ஒரு நட்சத்திர ஆமையைப் பார்த்தேன். மொபைல் போனில் பத்துப் படங்கள் எடுத்தேன். தரம் குறையக் கூடாது என்பதற்காக ஒரிஜினல் பைல்களையே ஈமெயிலில் இணைத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். ஊரின் பெயரைக் குறிப்பிடவே இல்லை.

இரண்டு நாள் கழித்து முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. "கோவிலுக்குப் பின்னால் உள்ள காடுதானே? இன்னும் எத்தனை ஆமைகள் இருக்கும்?" திடுக்கிட்டேன். நண்பர்களில் யாரோ பைல்களை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். சாப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் எனக்கே இது தோன்றவில்லை என்பதுதான் வெட்கம். இடத்தைச் சொன்னது நண்பர்கள் அல்ல. நான் அனுப்பிய படம்தான்.

படத்துக்குள் என்ன இருக்கிறது?

போனில் எடுக்கும் ஒவ்வொரு படத்தோடும் எக்ஸிப் என்னும் தகவல் தொகுப்பு சேர்ந்தே பதிவாகிறது. எடுத்த நாள், நேரம், கேமரா மாடல் இவற்றுடன், போனில் லொகேஷன் வசதி இயங்கினால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் இருக்கும். இவை டிகிரி, நிமிடம், விநாடி என எழுதப்படும். அட்சரேகையில் ஒரு விநாடி என்பது நிலத்தில் சுமார் 31 மீட்டர்தான். விநாடியின் தசம எண்ணும் பதிவாவதால், மேப்பில் இட்டால் ஏறக்குறைய அந்தப் புதருக்கே வழி காட்டிவிடும்.

இதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? சென்னை விமான நிலையத்தில் நட்சத்திர ஆமைகள் பிடிபட்ட செய்திகளைப் பலமுறை படித்திருப்பீர்கள். 2019ல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இந்த ஆமை சேர்க்கப்பட்டது. ஆனாலும் திருட்டுச் சந்தை ஓயவில்லை. இடம் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனாவில் ஓர் உதாரணம் உண்டு. 1999ல் அங்கு ஒரு குகைப் பல்லி இனத்தை ஆய்வாளர்கள் புதிதாக அறிவித்தனர். வளர்ப்புப் பிராணி வியாபாரத்துக்காகப் பிடித்துப் பிடித்தே, முதலில் கண்டெடுத்த இடத்தில் அது இல்லாமல் போயிற்று.

இடத்தை நீக்குவது எப்படி?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதற்கெனத் தனி சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

1. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள்.

2. கிடைக்கும் விண்டோவில் டீடெய்ல்ஸ் டேபில் கிளிக் செய்து கீழே வாருங்கள். ஜி.பி.எஸ். என்ற தலைப்பு இருந்தால் இடம் பதிவாகியுள்ளது என்று பொருள்.

3. அடியில் உள்ள ‘ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்’ என்ற வரியில் கிளிக் செய்யுங்கள்.

4. அடுத்த விண்டோவில், தகவல்கள் நீக்கப்பட்ட காப்பி உருவாக்கும் முதல் ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். அதே போல்டரில் புதிய பைல் கிடைக்கும்.

5. புதிய பைலை மீண்டும் திறந்து ஜி.பி.எஸ். தலைப்பு போய்விட்டதா என்று சரிபாருங்கள். பிறருக்கு அனுப்ப வேண்டியது இந்தக் காப்பியைத்தான்.

ஒரிஜினலை அழிக்காதீர்கள். ஆய்வாளர்களுக்கோ வனத்துறைக்கோ அந்த இடத் தகவல் பயன்படலாம். தனி போல்டரில் வைத்துக் கொள்ளுங்கள்.

வீடியோவுக்கு இந்த வழியை நம்ப வேண்டாம். எடுப்பதற்கு முன்பே போனின் கேமரா செட்டிங்ஸ் சென்று லொகேஷன் டேக் வசதியை ஆப் செய்துவிடுங்கள். பின்னணியில் கோபுரம், மைல்கல், பெயர்ப்பலகை தெரிந்தால் அதுவும் முகவரிதான், வெட்டிவிடுங்கள்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் பதிவிடுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அது தானாகவே மறைத்து, சுமார் 22 கி.மீ. பக்கமுள்ள கட்டமாக மட்டுமே பொதுப் பார்வைக்குக் காட்டுகிறது. மற்ற இனங்களுக்கும் நாமே மறைக்கலாம்.

எடுக்கும்போதும் கவனம்

ஆமையைக் கையில் தூக்க வேண்டாம். வறண்ட நில ஆமைகள் பயத்தில் சிறுநீர் கழித்து, உடலில் சேர்த்து வைத்த நீரை இழக்கக்கூடும். படத்துக்காகக் கல்லைப் புரட்டாதீர்கள். அது ஒரு உயிரின் வீடு. அடியில் சுருட்டை விரியன் இருந்தால் ஆபத்து உங்களுக்கும்தான். பாம்பைக் கண்டால் நெருங்காமல் ஜூம் பயன்படுத்துங்கள். உயிரினம் ஓடவோ, உடலைச் சுருக்கவோ, சீறவோ தொடங்கினால் போதும் என்று கிளம்பிவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்து வருவது 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

அந்தச் செய்திக்கு நான் பதில் அனுப்பவில்லை. வனத்துறை அலுவலகத்தில் தகவல் சொன்னேன். அடுத்த விடுமுறையில் அதே புதர்க்காட்டில் இரண்டு காலைகள் சுற்றினேன். ஆமை கண்ணில் படவில்லை. எங்கோ ஒதுங்கியிருந்ததா, யாராவது எடுத்துப் போனார்களா, தெரியாது. அனுப்பிய பைலைத் திரும்பப் பெற எந்தக் கம்ப்யூட்டரிலும் வழி கிடையாது. எனவே, அனுப்பும் முன் ஒரு ரைட் கிளிக் செய்து பாருங்கள்.